ஒன்பதாவது கேள்வி

இடைநிலைப்பள்ளியில் படித்தபோது மனநல மருத்துவம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஓர் ஊர்ப்பெயர் மட்டும்தான்: தஞ்சோங் ரம்புத்தான். தனியாகப் பேசுகிறவன், காரணமில்லாமல் அழுகிறவள் எல்லாரையும் அங்கே அனுப்பிவிடலாம் என்று கிண்டல் செய்வோம். ஈப்போவுக்குப் பக்கத்தில் 1911-இல் தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனையின் இன்றைய பெயர் ஹோஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா. 'பஹாகியா' என்றால் மலாயில் மகிழ்ச்சி. நம்முடைய 'பாக்கியம்' வந்த அதே சமஸ்கிருத வேரிலிருந்து வந்த சொல். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. தோட்டத்து லயத்தில் வளர்ந்த பாட்டி, "அவள ரம்புத்தானுக்குக் கொண்டு போய்ட்டாங்க" என்பார். கதை அதோடு முடிந்துவிடும். அவள் திரும்பி வந்தாளா என்று யாரும் கேட்டதில்லை, நானும்தான்.

2019-இல் எனக்கு 22 வயது. போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கு அலுவலகத்தில் வேலை. காலையில் அலுவலகக் கார் நிறுத்துமிடத்துக்கு 20 நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுவேன், ஆனால் காரைவிட்டு இறங்க முடியாது. பயம் என்று சொல்ல முடியாது, சோம்பல் என்றும் சொல்ல முடியாது. கதவைத் திறக்க வேண்டும் என்று தெரியும், கை போகாது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். புதன்கிழமை ஃபுட்சாலை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. நண்பர்கள் முதலில் கேட்டார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

கம்பெனியின் பேனல் கிளினிக்குக்கு மூன்று முறை போனேன். சாப்பிட முடியல, வயித்தப் பெரட்டுது, தலை வலிக்குது என்றேன். கேஸ்டிரிக் மருந்தும் ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் எம்.சி.யும் கிடைத்தன. நான் வயிற்றைப் பற்றிச் சொன்னேன், அவர் வயிற்றைப் பார்த்தார். வீட்டில் அம்மா பார்த்ததும் வயிற்றைத்தான். எலுமிச்சைச்சாறு, சீரகத் தண்ணீர், பிறகு கோயிலில் மந்திரித்த கயிறு. எதையும் நான் மறுக்கவில்லை. அந்தக் கயிற்றைக் கட்டும்போது அம்மாவின் விரல் நடுங்கியது, அவருக்கு ஏதோ புரிந்திருந்தது. சொல்லத்தான் இருவருக்கும் வார்த்தை இல்லை.

அரசாங்கக் கிளினிக்கைக் காட்டியவர் அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையில் இருந்த மலாய் அக்கா. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அவருக்கும் இப்படி ஆகியிருந்ததாம். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போ, ஒரு ரிங்கிட்தான். ஏழு மணிக்கே போய் நம்பர் எடுத்துடு" என்றார். இதுவரை எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் இதற்கு இணையாக ஒன்றும் இல்லை. தைரியமாக இரு என்று சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். நம்பர் எடுப்பதற்குத் தைரியம் வேண்டியதில்லை.

ரத்த அழுத்தம் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள். பிறகு தாதி ஒரு தாளைக் கொடுத்தார். பி.எச்.கியூ-9 என்று உலகெங்கும் பயன்படுத்துகிற கேள்வித்தாளின் மலாய் வடிவம். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து மூன்றுவரை மதிப்பெண், மொத்தம் 27. எதிலும் ஆர்வமில்லாமல் போவது, தூக்கம், களைப்பு, பசி, குடும்பத்தை ஏமாற்றிவிட்டோம் என்ற எண்ணம். மாதக்கணக்கில் என்னை வாட்டியதை யாரோ வரிசைப்படுத்தி அச்சடித்து வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மளமளவென்று வட்டம் போட்டேன். எட்டுவரை போட்டேன். ஒன்பதாவதில் பேனா நின்றது.

அது சாவைப் பற்றிய கேள்வி. இருப்பதைவிட இல்லாமல் போவதே மேல் என்று தோன்றியதுண்டா?

எனக்குத் தோன்றியிருந்தது. ஆனால் அப்போது இந்த நாட்டில் குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவு இருந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அப்படிப் பிழைத்தவர்களை நீதிமன்றத்தில் நிறுத்திய செய்திகளைப் படித்திருக்கிறேன். நினைப்பது வேறு, முயல்வது வேறு, நினைப்புக்குச் சட்டத்தில் தண்டனை இல்லை என்பதெல்லாம் இன்று தெளிவாகச் சொல்ல முடிகிறது. அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். இது அரசாங்கத் தாள், அதில் என் அடையாள அட்டை எண் இருக்கிறது. வட்டம் போட்டால் போலீஸ் வருமா, வேலைக்குத் தெரியுமா, ரம்புத்தானுக்கு அனுப்புவார்களா? உதவி கேட்கும் இடத்திலேயே குற்றவாளி ஆகிவிடலாம் என்ற பயத்தை ஒரு சட்டம் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கும் என்பதை எண்ணிச் சொல்ல வழியில்லை. பேனா நின்றவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

'பெபெராப்பா ஹாரி', சில நாட்கள் என்பதில் வட்டம் போட்டேன்.

டாக்டர் இளம் சீனப் பெண். தாளை மேலிருந்து கீழே பார்த்துவிட்டுப் பேனாவை மேசையில் வைத்தார். ஒன்பதாவதைத்தான் முதலில் கேட்டார். எப்படி என்று ஏதாவது திட்டம் இருக்கிறதா? வீட்டில் யாரோடு இருக்கிறீர்கள்? ராத்திரி மோசமானால் யாரை எழுப்புவீர்கள்? பஸ் எந்த நேரத்துக்கு வரும் என்று விசாரிப்பதுபோல நிதானமாகக் கேட்டார். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. என் அனுபவமும் அப்படி இல்லை. யாரோ கேட்டுவிட்டார்கள் என்பதே பாதிச் சுமையை இறக்கியது. திட்டம் இல்லை, அக்காவை எழுப்புவேன் என்று மலாயில் சொன்னேன். தமிழில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றும் தெரியாது. வேற்றுமொழி ஒரு கையுறை மாதிரி. சுடுகிறதைத் தூக்க உதவும்.

செர்ட்ராலின் என்ற மாத்திரை, முதல் வாரம் 25 மில்லிகிராம், பிறகு 50. மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒரு சூராட் ருஜுக்கான், அதாவது பரிந்துரைக் கடிதம். மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முதல் நாட்களில் குமட்டலும் படபடப்பும் வரலாம், நல்லாயிடுச்சே என்று திடீரென நிறுத்தக் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். எல்லாம் அப்படியேதான் நடந்தது. முதல் வாரம் முன்னைவிட மோசம். நான்காவது வாரத்தில் ஒரு காலை காரை நிறுத்தினேன், இறங்கினேன், பத்தடி நடந்த பிறகுதான் இறங்கிவிட்டேன் என்று உறைத்தது. கொண்டாட ஒன்றுமில்லை. ஆனால் பல மாதங்களில் முதன்முறையாகப் பசித்தது.

அம்மா மாத்திரையைக் கண்டுபிடித்தது துணி துவைக்கும்போது.

"இது என்ன தூக்க மாத்திரையாடா? பழகிப் போயிட்டா விடவே முடியாதுடா."

"தூக்க மாத்திரை இல்லம்மா. மனசுக்கு."

"ஒனக்கு மனசுக்கு என்ன கொறச்சல்? நாங்க என்ன கொற வச்சோம்?"

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் எல்லாத் தமிழ் வீடுகளும் மாட்டிக்கொள்கின்றன என்று நினைக்கிறேன். பிள்ளையின் நோய் பெற்றோர்மேல் போடப்பட்ட குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. பிள்ளை நோயைவிட்டு அவர்களைச் சமாதானப்படுத்த ஆரம்பிக்கிறான். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அம்மாவும் அதே மாதிரிக் கிளினிக்கில்தான் இனிப்புநீருக்கு மருந்து எடுக்கிறார், பத்து வருடமாக. நான் அந்தப் பையைக் காட்டி, "இத நிறுத்துனா என்ன ஆகும்? அது மாதிரிதாம்மா" என்றேன். அன்றைக்கு அந்த வாதம் கைகொடுத்தது.

ஆனால் அது முழு உண்மை இல்லை. இனிப்புநீருக்கு விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் போதும், கருவி எண்ணைச் சொல்லிவிடும். மனச்சோர்வைக் காட்டித் தர அப்படி ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்ய ரத்தம் எடுப்பார்கள், அவ்வளவுதான். மற்றபடி பரிசோதனைக் கருவி நோயாளியின் வாய். அவன் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் அது கேஸ்டிரிக். அதனால்தான் இந்த நோயில் மொழி ஒரு கலாசார விஷயமாக நிற்காமல் மருத்துவ விஷயமாகிறது. 'மன அழுத்தம்' என்று சொன்னால் வேலைப்பளு என்று புரிந்துகொள்கிறார்கள். 'மனச்சோர்வு' என்பது புத்தகச் சொல், அம்மாவிடம் சொன்னால் ஹார்லிக்ஸ் கலக்கித் தருவார். 'பைத்தியம்' என்ற சொல் மட்டும் எப்போதும் தயாராக இருக்கிறது.

மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்தேன், பிறகு உளவியலாளரையும். இரண்டும் ஒன்றல்ல. முன்னவர் மருத்துவப் படிப்பு முடித்தவர், மருந்து எழுதுவார். பின்னவர் மருந்து எழுத மாட்டார், பேச்சின் வழியாக எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தருவார். தனியாரிடம் ஓர் அமர்வுக்கு 200 ரிங்கிட் கேட்டார்கள். மருத்துவமனையில் ஒரு வருகைக்கு 5 ரிங்கிட், ஆனால் காத்திருக்க வேண்டும். என் உளவியலாளரோடு ஆங்கிலமும் மலாயும்தான். ஒருமுறை அப்பா வாசலுக்குப் போனதைச் சொல்ல முயன்றேன். "அப்பா ஒன்னுமே சொல்லல" என்று தமிழில்தான் வந்தது, அழுகையும் கூடவே வந்தது. அவருக்கு வார்த்தை புரியவில்லை. கண்ணாடிக் குவளையில் தண்ணீரை என் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தார்.

அதற்குச் சில மாதம் கழித்து வீட்டுக்கு அத்தை வந்திருந்தார். நான் ஏன் கல்யாணத்துக்கு வரவில்லை என்று கேட்டார். நான் அறையில் இருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்: "அவனுக்கு மனசு ஓஞ்சு போச்சு அண்ணி. மருந்து சாப்புடுறான். இப்ப தேவல."

மூன்று வாக்கியம். குரலைத் தாழ்த்தவில்லை. எந்த அகராதியிலும் தேடாமல், அவருக்குத் தெரிந்த தமிழிலேயே என் நோயை அவர் சொல்லிவிட்டார். அத்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க காட்டுறீங்க?" என்று கேட்டார். அவருடைய மகளுக்காகக் கேட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

2022-இல் சுகாதார அமைச்சு பள்ளி மாணவரிடையே நடத்திய தேசிய ஆய்வில், 13 முதல் 17 வயதுள்ளவர்களில் நால்வரில் ஒருவர் மனச்சோர்வு அறிகுறிகளோடு இருப்பது தெரியவந்தது. 2023 மே மாதம் நாடாளுமன்ற மக்களவை 309-ஆவது பிரிவை நீக்க வாக்களித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. செய்தியைப் படித்தபோது எனக்கு 26 வயது, மருந்தை மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. சட்டம் போய்விட்டது. ரம்புத்தான் கிண்டல் இன்னும் எல்லாப் பள்ளியிலும் இருக்கும்.

அத்தை மகளுக்கு அப்போது 17 வயது. அந்த வயதில் சிகிச்சைக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அத்தையே கூட்டிக்கொண்டு போனார். போவதற்கு முதல்நாள் இரவு அவள் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள்: "அண்ணா, அங்க என்ன கேப்பாங்க?" அவளுக்கு எழுதியதையே இங்கும் எழுதுகிறேன். ஐ.சி. எடுத்துக்கொள். சீக்கிரம் போய் நம்பர் எடு, நேரம் ஆகும், பசித்தால் சாப்பிட ஏதாவது வைத்துக்கொள். வயித்து வலி என்று ஆரம்பிக்காதே, மனசு ஓஞ்சு போச்சு என்று சொல், எந்த மொழியில் வருகிறதோ அதில் சொல். ராத்திரி தாங்க முடியாமல் போனால் காலைவரை காத்திருக்க வேண்டாம், பிஃபிரண்டர்ஸ் 24 மணி நேரமும் போன் எடுப்பார்கள், அமைச்சின் ஹீல் லைனுக்கு 15555. ஒரு தாள் கொடுப்பார்கள். ஒன்பது கேள்வி இருக்கும். எல்லாவற்றுக்கும் உள்ளதை எழுது, கடைசிக் கேள்விக்கும்.