கல்லணை முதல் கடைமடை வரை... சோப்புக் கரைசலின் வெற்றி தண்ணீரில் இருக்கிறது!

தஞ்சை மாவட்டத்தின் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொல்லை இருக்கும். கிணற்றடியில் வாழை, வேலியில் செம்பருத்தி, பந்தலில் அவரை, ஓரத்தில் கத்தரியும் மிளகாயும். வயலில் நெல் எப்படி விளைந்தாலும், வீட்டுக்குக் குழம்புக்காய் தருவது இந்தக் கொல்லைதான். மார்கழிப் பனியில் அவரைக் கொழுந்தில் கறுப்பாக அசுவினி அப்பிக்கொண்டால், பெண்கள் முதலில் கையில் எடுப்பது சோப்புத் தண்ணீரைத்தான். காசில்லாத, விஷமில்லாத மருந்து.

ஆனால், அதே சோப்பு, அதே அளவு. திருவையாற்றில் கேட்கும் பூச்சி வேதாரண்யத்தில் கேட்பதில்லை. காரணத்தைத் தேடினால், அது காவிரியின் வழியாகவே நம்மைக் கூட்டிச் செல்கிறது.

ஆற்றோரத்தில்...

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. அங்கிருந்து கிழக்கே வந்தால் திருக்காட்டுப்பள்ளி. பக்கத்தில் உள்ள இளங்காடு, இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் 1938-ம் ஆண்டு பிறந்த ஊர். வேம்புக்கு அந்நிய நிறுவனம் பெற்ற காப்புரிமையை எதிர்த்து எழுந்த குரல்களில் அவருடையதும் ஒன்று. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2000-ம் ஆண்டு அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது. அதை எதிர்த்த மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடியானது. கொல்லையில் நிற்கும் வேப்பமரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அப்படித்தான் பதில் கிடைத்தது.

திருவையாற்றுப் படுகையில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் பச்சைப் பசேல் என்று நிற்கின்றன. இங்கே ஆற்றுத் தண்ணீரில் துணி துவைத்தால் நுரை பொங்கும். சோப்பு குறைவாகவே கரையும். பூச்சிவிரட்டலுக்கும் இந்த நுரைதான் அடையாளம்.

எப்படி வேலை செய்கிறது?

அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, இலைப்பேன், செம்பேன் எல்லாம் மெல்லிய உடம்புக்காரர்கள். உடம்பின் மேலுள்ள மெழுகுப் பூச்சுதான் அவற்றின் சட்டை. சோப்பு அந்த மெழுகைக் கரைத்து, தோலையும் சிதைக்கிறது. உடம்பிலுள்ள ஈரம் வெளியேறி பூச்சி காய்ந்து சாகிறது. இது நடப்பது கரைசல் ஈரமாக இருக்கும் வரைதான். காய்ந்த பிறகு அதற்கு வேலை இல்லை. அதனால் பூச்சி மேல் படாத கரைசல் வீண். இலையின் அடிப்பக்கம், கொழுந்து, காம்பு இடுக்கு எல்லாம் நனைய வேண்டும்.

செய்முறை எளிது. எண்ணெயில் காய்ச்சிய சாதாரண காதி சோப்பு 10 கிராம் சீவி, கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, 1 லிட்டர் தண்ணீரில் கலந்தால் போதும். துணி துவைக்கும் பவுடர், பாத்திரம் தேய்க்கும் திரவம் வேண்டாம், இலை கருகும். முதலில் இரண்டு, மூன்று இலைகளில் மட்டும் அடித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அடிக்கலாம். வெயில் தாழ்ந்த பிறகு அடிப்பது நல்லது. வாரம் ஒருமுறை என மூன்று வாரம் அடித்தால், முட்டையிலிருந்து புதிதாக வந்த குஞ்சுகளும் அடங்கும்.

பூச்சி வரும் முன்பே தடுக்க வேண்டுமென்றால் வேப்பங்கொட்டைக் கரைசல். ஆனி, ஆடியில் உதிரும் பழத்தைப் பொறுக்கி உலர்த்தி வைத்தால் ஆண்டு முழுக்க ஆகும். 50 கிராம் பருப்பை இடித்து, கொஞ்சம் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் வடிகட்டி 1 லிட்டராக்க வேண்டும். அதில் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்தால் இலையில் ஒட்டும். மாவுப்பூச்சிக்கு மீன் எண்ணெய் ரெசின் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் என்று பரிந்துரைக்கிறார்கள்.

கடைமடையில்...

கும்பகோணம் தாண்டி, நெல் ஆராய்ச்சிக்குப் பேர்போன ஆடுதுறை தாண்டி, தெற்கே திருத்துறைப்பூண்டி வழியாகக் கடலை நெருங்க நெருங்க, தண்ணீரின் குணம் மாறுகிறது. வேதாரண்யம் உப்பளத்து மண். 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த கடற்கரை. 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறிய இடம். இங்கே பல ஊர்களில் போர் தண்ணீர் உவர். சோப்பைக் கரைத்தால் திரிந்த பால் போல வெள்ளைத் திட்டு மிதக்கும்.

தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்கின்றன. பூச்சியைக் கொல்ல வேண்டிய சோப்பு அழுக்குத் திட்டாக நின்றுவிடுகிறது. தெளிப்பான் மூக்கும் அடைக்கிறது. ‘மருந்து சரியில்லை’ என்று சோப்பை இரண்டு மடங்கு சேர்த்தால், செடிதான் வாடும்.

இந்தச் சிக்கல் கடற்கரைக்கு மட்டுமல்ல. வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடுவார்கள். மாசியிலிருந்து ஆறு மணலாகிவிடும். மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் பெருகுவது அந்த வெயில் காலத்தில்தான். அப்போது ஆற்றோரத்துக்காரரும் போர் தண்ணீரைத்தான் நம்புகிறார்.

வழி இருக்கிறது. முதலில் ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் எடுத்து, துளி சோப்பு போட்டுக் குலுக்கிப் பார்க்க வேண்டும். நுரை நின்றால் நல்ல தண்ணீர். திட்டு மிதந்தால் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து நிரப்பி, கொசு புகாமல் மூடிவிட்டால் போதும். ஒரு கொல்லைக்கு வாரம் 10 லிட்டர் என்றால், மாசி முதல் வைகாசி வரை 16 வாரத்துக்கு 160 லிட்டர். டிரம்மிலேயே மிச்சம் இருக்கும்.

நெல்லுக்கு அடிக்கலாமா?

வேண்டாம். குருத்துப்பூச்சிப் புழு தண்டுக்குள் இருக்கிறது. இலைச்சுருட்டுப் புழு இலைக்குள் ஒளிந்திருக்கிறது. சோப்பு அவற்றைத் தொடாது. தேங்கிய தண்ணீரில் சோப்பு கலந்தால் மீனுக்கும் தவளைக்கும் கேடு. அதனால் தெளிப்பானைக் கழுவிய தண்ணீரையும் வாய்க்காலிலோ குளத்திலோ கொட்டக் கூடாது.

இன்னொன்று. சோப்புக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி தெரியாது. அசுவினியைத் தின்னும் பொறிவண்டுப் புழு மேல் பட்டால் அதுவும் சாகும். செடியில் பொறிவண்டு நடமாடினால் நான்கு நாள் பொறுத்துப் பார்க்கலாம். செடியில் எறும்புச் சாரி ஏறினால், அசுவினி சுரக்கும் தேனுக்காக அதைக் காவல் காக்கிறது என்று பொருள். எறும்பைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

காவிரி தண்ணீர் எப்போது வரும் என்று வயல் காத்திருக்கலாம். கொல்லைக்குத் தேவை, கார்த்திகை மழையில் நிரப்பி வைத்த ஒரு டிரம்.