ஹெல்வெற்றியாவிலிருந்து கிளிவெட்டிக்கு

சுவிற்சர்லாந்தின் தபால் முத்திரையில் அந்த நாட்டின் வழக்கமான பெயரைத் தேடினால் கிடைக்காது. "ஹெல்வெற்றியா" என்ற இலத்தீன் சொல்தான் இருக்கும். முத்திரை சேகரிக்கத் தொடங்கும் சிறுவர்கள் அதை ஏதோ அறியாத ஒரு தேசமென்று எண்ணித் தனியாக எடுத்து வைப்பதுண்டு.

இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மொழிக் கதை உண்டு. 1848ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பின் மாநிலங்களின் தபால் சேவைகள் ஒன்றாக்கப்பட்டன. 1850இல் உள்ளூர்த் தபாலுக்கென முத்திரை அச்சிட்டபோது ஜெர்மன் மொழியில் ஒன்றும் பிரெஞ்சு மொழியில் ஒன்றும் வெளியிட்டார்கள். 1854இல் வந்த முத்திரையில் பெறுமதியை ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் ஆகிய மூன்றிலும் எழுதினார்கள். நகத்தைவிடச் சற்றே பெரிதான ஒரு தாளில் மூன்று மொழிகள்! 1862இல், இன்று எவருக்கும் தாய்மொழியாக இல்லாத இலத்தீனிலிருந்து ஒரு பெயரை எடுத்துப் போட்டுச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டார்கள். ரொமான்ஷ் 1938இல் நான்காவது தேசிய மொழியானபோதும் முத்திரையில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. 1956இல் ஒரே மொழிச் சட்டம் கொண்டுவந்த ஒரு நாட்டில் பிறந்தவன் இதை வாசித்துவிட்டுச் சற்றுநேரம் பேசாமல் இருப்பதில் வியப்பில்லை.

"உலகத்தில் இத்தனை நாடுகள் இருக்க, நீர் ஏன் சுவிஸ் முத்திரைகளை மட்டும் சேர்க்கிறீர்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். மொழிக் கதையெல்லாம் பின்னர் வாசித்து அறிந்தது. சேகரிப்புத் தொடங்கியது கிளிவெட்டியில், என் பெரியம்மாவின் வீட்டில்.

1983இன் பின்னர் சுவிஸ் போய்ச் சேர்ந்த இளைஞர்களில் பெரியம்மாவின் மூத்த மகனும் ஒருவர். அவரது கடிதம் பேர்ண் நகரிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து திருகோணமலைக்குப் போய், கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடந்து மூதூர் சேர்ந்து, கடைசியில் கிளிவெட்டி வயல்களுக்கு நடுவே சைக்கிளில் வரும். தரைவழியே போவதென்றால் கிண்ணியாத் துறை தொடக்கம் ஒவ்வொரு துறையிலும் பாதைக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். கிண்ணியாவில் பாலம் வந்ததே 2009இல்தான். இத்தனை கைமாறியும் வழியில் எவரும் மேலதிகமாக ஒரு சதம் கேட்கவில்லை. 1874 ஒக்ரோபர் 9ஆந் திகதி 22 நாடுகள் கூடிக் கைச்சாத்திட்ட ஓர் உடன்படிக்கையின் பயன் அது. அனுப்பும் நாட்டில் ஒட்டிய முத்திரை உலகெங்கும் செல்லும் என்ற ஏற்பாட்டை உருவாக்கிய அந்தக் கூட்டம் நடந்ததும் பேர்ண் நகரில்தான். உலகத் தபால் ஒன்றியத்தின் தலைமையகம் இன்றும் அங்கேயே இருக்கிறது.

கொழும்பில் பத்திரிகை வேலையில் இருந்த எனக்கு முத்திரைகளுக்குப் பஞ்சமில்லை. வெளிநாட்டு வாசகர்களின் கடிதங்கள் மூடையாக வரும். ஆனால் ஆசிரியபீடத்தின் மேசைக்கு அவை வருவதற்குள் உறைகளின் வலது மூலை காணாமற் போயிருக்கும். அலுவலகத்தில் என்னைவிட ஊக்கமான சேகரிப்பாளர்கள் இருந்தார்கள்! ஆகவே விடுமுறையில் கிளிவெட்டி போகும்போது பெரியம்மாவிடம் கேட்டேன்.

"முத்திரையை நீ எடு தம்பி. உறையை விட்டிரு. அதில அவன்ட எழுத்து இருக்கு" என்றார்.

கத்தரிக்கோலால் வெட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. எனவே உறையின் மூலையில் ஈரத்துணியை வைத்து, முத்திரை மட்டும் கழலும்வரை இருவரும் திண்ணையில் காத்திருப்போம்.

அந்தக் காலத்தில் சுவிஸ் தபால் வெளியிட்ட உயர்பெறுமதி முத்திரைகள் பன்னிரண்டு இராசிகளைக் கொண்டவை. 1982இல் தொடங்கிய அந்தத் தொடரில் ஒவ்வோர் இராசிச் சின்னத்தோடும் ஒரு சுவிஸ் இடத்தின் காட்சி இருக்கும். ஐரோப்பாவைப் பற்றி எதுவும் அறியாத பெரியம்மாவுக்கு அந்த முத்திரைகள் உடனே விளங்கிவிட்டன. இடபம், சிங்கம், துலாம் என்று விரல் வைத்துச் சொல்வார். மகனின் இராசி வந்துவிட்டால் அன்று முழுவதும் முகம் மலர்ந்திருக்கும். "பார்த்துத்தான் ஒட்டியிருக்கிறான்" என்பார். பல ஆண்டுகள் கழித்து அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். தபாலகச் சாளரத்தில் பணியாளர் கொடுத்ததை ஒட்டியதாகவும், படத்தைப் பார்க்கும் மனநிலை அப்போது இருக்கவில்லை என்றும் சொன்னார். பெரியம்மாவிடம் நாங்கள் இருவருமே அதைச் சொல்லவில்லை.

என் சேகரிப்பில் மிகப் பெறுமதியானது எதுவென்று கேட்டால் நான் எடுத்துக் காட்டுவது ஒரு முழு உறையை. பேர்ண் தபால் முத்திரை குத்திய நாள் 1985 மே மாத இறுதி. அது இலங்கைக்கு வந்து சேர்ந்தபோது கிளிவெட்டியில் பெரியம்மா இல்லை. அந்த யூன் மாதம் மூதூர்ப் பகுதித் தமிழ்க் கிராமங்களில் நடந்த கொலைகளையும் தீவைப்புகளையும் பற்றி அப்போது செய்தி எழுதியவர்களில் நானும் ஒருவன். பெரியம்மா உடுத்த சேலையோடு திருகோணமலைக்குத் தப்பி வந்து, முதலில் ஒரு பாடசாலையிலும் பின்னர் உறவினர் வீட்டிலும் தங்கியிருந்தார். உறையில் "கிளிவெட்டி, மூதூர்" என்ற வரி நீல மையினால் வெட்டப்பட்டிருக்கிறது. அதன் கீழே வேறொரு கையெழுத்தில் பாடசாலையின் பெயர். அதுவும் வெட்டப்பட்டு, மூன்றாவது கையெழுத்தில் உறவினரின் முகவரி. யார் எங்கே போனார்கள் என்பதை அரச அலுவலகங்களே அறியாதிருந்த நாட்களில், பெயர் தெரியாத இரண்டு தபால் ஊழியர்கள் விசாரித்து அறிந்து எழுதியிருக்கிறார்கள். பேர்ண் நகரில் வெளியாகும் சும்ஸ்ரைன் விலைப்பட்டியலில் இந்த உறைக்கு விலை கிடையாது.

இந்த ஒன்றில் மட்டும் முத்திரையைக் கழற்ற நான் கேட்கவில்லை. மற்ற உறைகள் கிளிவெட்டி வீட்டோடு போயின. அவற்றிலிருந்து முன்னரே கழன்று கொழும்பிலிருந்த முத்திரைகள் பிழைத்துக்கொண்டன.

பெரியம்மா மறு ஆண்டே ஊர் திரும்பினார். 1990இல் மீண்டும் ஓடினார், மீண்டும் திரும்பினார். 1996 பெப்ரவரி 11ஆந் திகதி அயலிலுள்ள குமாரபுரத்தில் 20க்கும் மேற்பட்ட பொதுமக்களைப் படையினர் சுட்டுக் கொன்றபோதும் அவர் ஊரில்தான் இருந்தார். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு பேரும் 2016இல் விடுதலையானார்கள். 2006இல் சம்பூரிலிருந்து பெயர்ந்த மக்கள் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமுக்கு வந்து, பத்தாண்டுக்குக் கிட்டக் காத்திருந்தார்கள். ஓடிப் பழகிய ஊர், ஓடி வந்தவர்களின் ஊராயிற்று.

மினியேச்சர் சீற் என்னும் சிறுதாள்களுக்கு வருகிறேன். இவை கடிதத்தில் வருவது அரிது. வாங்கித்தான் சேர்க்க வேண்டும். சுவிஸின் முதலாவது சிறுதாள் 1934இல் சூரிச் முத்திரைக் கண்காட்சிக்காக வெளிவந்தது. அதன் விலை என் கைக்கு எட்டாதது. படத்தில் பார்த்ததோடு சரி. 2000ஆம் ஆண்டு சென்காலன் நகரின் பூவேலைப்பாட்டைக் கொண்டு உண்மையான நூலாலேயே தைத்து முத்திரை வெளியிட்டார்கள். 2001இல் சொக்லேற் மணக்கும் முத்திரை. தாள் முழுவதும் ஒரு சொக்லேற் கட்டிபோல அமைந்தது. 2004இல் மரச்சீவலில் ஒன்று. கெட்டித்தனந்தான், மறுக்கவில்லை. ஆயினும் இவற்றை நான் ஓரளவு சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். கடிதம் எழுதுவோர் குறையக் குறையத் தபால் திணைக்களங்கள் சேகரிப்பாளர்களின் சட்டைப்பையைத் தேடத் தொடங்கிவிட்டன.

என் மனதுக்கு நெருக்கமானவை சிறுவர் நலனுக்கான "புரோ யுவெந்தூத்தே" முத்திரைகள். 1913 முதல் வருபவை. தபால் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையையும் சேர்த்து விற்பார்கள். அந்த மேலதிகம் பிள்ளைகளின் நலனுக்குப் போகும். 1950 முதல் 1957 வரை வந்த பூச்சிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் அச்சுக்கலையின் உச்சம் என்பேன். இவற்றைப் பாடசாலை மாணவர்கள் வீடு வீடாகச் சென்று விற்பது அங்கே நெடுங்கால வழக்கம். அண்ணனின் மகளும் பத்து வயதில் அப்படிக் கதவு தட்டப் போனாள். முதல் வாங்கியவர் தகப்பன். இரண்டாவது, கொழும்பிலிருந்து தொலைபேசியில் சொன்ன நான். அவள் எனக்கு அனுப்பிய உறையில் தமிழில் பெயர் எழுதப் பழகியிருந்தாள். "கிளிவெட்டி" என்பதில் "ளி" தலைகீழாக இருந்தது.

இன்று சுவிஸில் ஏறத்தாழ 50,000 தமிழர் வாழ்கிறார்கள். அண்ணன் தினமும் வட்ஸ்அப்பில் பேசுகிறார். பெரியம்மா 2011இல் காலமானபோது அவரது தலைமாட்டுப் பெட்டியில் பழைய வீட்டு உறுதி, இரண்டு அடையாள அட்டைகள் ஆகியவற்றோடு, 1986இன் பின் வந்த உறைகள் ஒரு கட்டாக இருந்தன. எல்லாவற்றிலும் முத்திரை கழன்ற இடத்தில் ஒரு வெளிர்சதுரம். அவற்றுக்குரிய முத்திரைகள் என் அல்பத்தில் இருக்கின்றன. தபால் முத்திரையின் பாதி அங்கும் மீதி இங்குமாகத் திகதிகள் பொருந்துகின்றன. இதுவரை 31 உறைகளுக்குப் பொருத்தம் பார்த்திருக்கிறேன். இன்னும் 12 உண்டு.