கொரிய நாட்டில் ஆங்கில ஆசிரியர்

நல்லாசிரியர் யாவர் என்னும் வினாவை நன்னூல் ஓதியோர் பாயிரத்திலேயே எதிர்கொண்டிருப்பர். பவணந்தி முனிவர் ஆசிரியர்க்குரிய இயல்புகளை அடுக்கும்பொழுது குலத்தையே முதலில் வைத்தார். கலை பயின்ற தெளிவு அதற்குச் சற்றுப் பின்னரே வருகின்றது. உயர்தர வகுப்பில் இப்பகுதியைக் கற்பிக்குங்கால், அஃது அக்காலத்து வழக்கு என ஒரு வாக்கியத்திற் சொல்லிக் கடந்து விடுவோம். ஆயின் அவ்வழக்கு வேறோர் உருவில் இக்காலத்திலும் உயிரோடிருக்கின்றது. நன்னூலைக் கேள்வியுறாத ஒரு தேயத்தில் அது சட்டமாகவே விளங்குகின்றது. எமது கல்லூரியின் பழைய மாணவர் மூவர் வாயிலாக யாம் அறிந்த அச்செய்தியையே இம்மலரில் எழுதப் புகுந்தோம்.

தென் கொரியாவிற் பிறநாட்டார் ஒருவர் ஆங்கில உரையாடல் கற்பிக்க விரும்பினால் ஈ-2 என்னும் விசாவைப் பெறுதல் வேண்டும். அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே அது பொதுவாக உரியது. 1995 இல் அந்நாட்டரசு தொடங்கிய எப்பிக் எனும் ஆசிரியர் திட்டமோ ஏழாம் வகுப்பு முதலாக அந்நாடுகளுள் ஒன்றிற் படித்தும், பத்தாண்டுக்குக் குறையாமல் அங்கே வாழ்ந்தும் இருத்தல் வேண்டும் என விதிக்கின்றது. 2010 இல் நடைமுறைக்கு வந்த ஒரு பொருளாதார உடன்படிக்கையின் பயனாக இந்தியர்க்கு ஒரு சிறு வாயில் திறந்தது. அவர்கள் கற்பித்தற் சான்றிதழும் உடையோராய் இருத்தல் வேண்டும். ஏழு நாட்டாரோ ஏதேனும் ஒரு பட்டம் பெற்றிருந்தாற் போதும். கணக்கியலோ விலங்கியலோ, எதுவாயினும் தனியார் நிலையங்களிற் கற்பிக்கலாம். இலங்கையர்க்கு இரு வாயிலும் இல்லை.

இவ்வேழு நாட்டாரைக் கொரியர் 'வொனொமின்' என வழங்குவர். சீன மூலத்திலிருந்து வந்த அச்சொல்லுக்கு மூலமொழி மக்கள் என்பது பொருள். அது குலம் அன்றேல் வேறென்ன?

கொரியர் ஆங்கிலத்தின்பாற் கொண்ட ஆர்வத்துக்கு ஒரு சான்று கூறுவோம். ஆண்டுதோறும் நவம்பரில் நடைபெறும் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையில் ஆங்கிலம் செவிமடுக்கும் பகுதி நிகழும் அரைமணிப் பொழுதில், நாடெங்கும் விமானங்கள் ஏறுதலும் இறங்குதலும் நிறுத்தப்படும். இங்கே பரீட்சை மண்டபத்துக்கு அயலிலுள்ள ஒலிபெருக்கி ஒன்றை நிறுத்துவிக்க மேற்பார்வையாளர் படும் பாட்டை அறிந்தோர் இதனை வியவாதிரார். பள்ளி விட்ட பின் பிள்ளைகள் செல்லும் தனியார் வகுப்புகளுக்கு ஹாக்வொன் என்பது பெயர். எமது ரியூட்டறிகளே அவை. அளவிலும் கட்டணத்திலுமே வேறுபாடு. 1980 இல் அங்கிருந்த இராணுவ ஆட்சி தனியார் கற்பித்தலைத் தடை செய்தது. அத்தடை அரசியலமைப்புக்கு முரணானது என 2000 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சியோல் நகரில் இரவு பத்து மணிக்குமேல் ஹாக்வொன்கள் வகுப்பு நடத்தலாகாது என்றொரு விதி பின்னர் வந்தது. பத்து மணிவரை நடத்தலாம் என்பதே அதன் மறுபுறம் என்பதை நம்மூர்ப் பெற்றோர் நன்கு உணர்வர்.

இத்தனியார் வகுப்புகளின் செலவைக் குறைக்க எண்ணிய அரசு, 2006 முதல், பாடசாலைக் கட்டடத்திலேயே பிற்பகலிற் குறைந்த கட்டணத்துக்கு மேலதிக வகுப்புகளை நடத்தும் முறையைப் பரப்பியது. ஆங்கில வகுப்புகளைப் பல பாடசாலைகள் தனியார் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்திற் கொடுக்கும். நிறுவனம் ஒரு வொனொமினை அமர்த்தும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் புதிதாகப் பதிவர். பதிவு குறைந்தால் ஆசிரியரின் இருப்பும் ஆட்டங்காணும். இடையிடையே பெற்றோர் வந்து பின்வரிசையில் நின்று பார்க்கும் திறந்த வகுப்பும் உண்டு. அன்று பாடத்தை விடப் பாட்டும் விளையாட்டும் மிகுந்திருத்தல் நலம் என நிறுவனத்தார் முன்கூட்டியே அறிவுறுத்துவராம்.

இனி எமது மாணவர் மூவரையும் கூறுவோம். பெயர் குறிப்பிடுதல் முறையன்று. 2003 இல் ஆறாம் வகுப்பில் அம்மூவரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். ஏ9 பாதை திறந்து ஓராண்டு சென்ற காலம் அது. மூத்தவன் அடுத்த ஆண்டே பெற்றோருடன் கனடா சென்றான். இரண்டாமவன் இங்கேயே உயர்தரம் கற்று, தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆங்கில ஆசிரியப் பயிற்சி பெற்று, பின் வெளிவாரிப் பட்டமும் பெற்றான். இன்று வன்னியிற் படிப்பிக்கின்றான். மூன்றாமவனுக்குப் படிப்பில் நாட்டம் குறைவு. கைவேலையில் வல்லவன், வகுப்பறையிற் கதிரை உடைந்தால் அவனையே அழைப்போம்.

மூன்றாமவனே முதலிற் கொரியா சென்றான். 2004 இல் அந்நாட்டிற் தொடங்கிய வேலை அனுமதி முறையின் கீழ் இலங்கை இளைஞர் பல்லாயிரவர் அங்குள்ள தொழிற்சாலைகளுக்குச் சென்றுள்ளனர். அவர்கள் முதலிற் கொரிய மொழிப் பரீட்சையிற் சித்தியெய்துதல் வேண்டும். படிப்பில் நாட்டமற்றவன் என நாம் எண்ணியிருந்த அவன் ஓராண்டு முயன்று அதிற் சித்தியடைந்து, 2014 இல் அன்சான் நகரில் இரும்புப் பட்டறை ஒன்றில் அமர்ந்தான். மூத்தவன் கனடாவிற் பொருளியற் பட்டம் பெற்று, அங்கு வேலை வாய்க்காமையால் 2015 இல் ஆங்கிலம் கற்பிக்கக் கொரியாவுக்கு வந்தான். முதலாண்டு ஹாக்வொனில், பின்பு தொடக்கப் பாடசாலை ஒன்றின் பிற்பகல் வகுப்பில்.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பட்டறையில் இரும்பு வளைக்கச் சென்றவன் கொரிய மொழி கற்றே செல்ல வேண்டியதாயிற்று. வகுப்பறையிற் கொரியச் சிறாரோடு நாளெல்லாம் உறவாடச் சென்றவனிடம் ஒரு கொரியச் சொல்லும் கேட்கப்படவில்லை.

மூத்தவன் எமக்கு நீண்ட மடல்கள் எழுதுவான். அவனது தமிழ் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட தமிழ். ஆயினும் பிழை குறைவு. முதல் மடல் முழுதும் கொரிய மொழியைப் பற்றியதே. அம்மாவை ஒம்மா என்றும் அப்பாவை அப்பா என்றும் அழைக்கின்றனர் என வியந்திருந்தான். வினை வாக்கியத்தின் ஈற்றில் வருகின்றது. உயிரும் மெய்யும் ஒரு கட்டத்துள் இணைந்து ஓர் எழுத்தாகின்றன. கோப்பியை ஏறத்தாழ நம்மூர்க் கிழவர் சொல்வதுபோலவே சொல்கின்றனர் என்றெல்லாம் எழுதினான். செஜொங் மன்னர் 1446 இல் வெளியிட்ட அவ்வெழுத்துகளிற் சில, ஒலி பிறக்குமிடத்து நாவும் வாயும் நிற்கும் நிலையைப் பார்த்து வரையப்பட்டவை. தொல்காப்பியப் பிறப்பியல் படித்தோர்க்கு இது தேன். நாம் அதனை எழுதி அனுப்ப, அவன் ஒரு கிழமையில் எழுத்துகளை வாசிக்கப் பழகினான். பேச்சு மட்டும் கடையிற் காய்கறி வாங்கும் அளவோடு நின்றது.

பிந்திய மடல்களில் வகுப்பறைத் தொல்லைகள் வந்தன. கொரியத்தில் ஆங்கில எஃப் ஒலி இல்லை. பிள்ளைகள் ஃபிலிம் என்பதைப் பில்லிம் என்பர். ஃபான் என்பதும் பான் என்பதும் அவர்கள் வாயில் ஒன்றே. அவன் பலமுறை சொல்லிக் காட்டினான். பிள்ளைகளும் பலமுறை பிழையாகவே திரும்பச் சொன்னார்கள். "சேர், கனடாவில எனக்கு இதை ஒருத்தரும் சொல்லித் தரேல்லை, அங்கை எல்லாருக்கும் அது தானா வந்திட்டுது" என எழுதியிருந்தான். பின்னர் ஒருநாள் எமது கல்லூரியின் ஆறாம் வகுப்பு அவனது நினைவுக்கு வந்ததாம். அக்காலத்தில் எம்முடன் கற்பித்த ஆங்கில ஆசிரியர் சிறு கண்ணாடித் துண்டு ஒன்றை மேசை லாச்சியில் வைத்திருப்பார். மேற்பல் கீழுதட்டைத் தொடுகின்றதா என ஒவ்வொரு பிள்ளையும் அதிற் பார்த்தல் வேண்டும். பார்த்தவாறே ஊதுதல் வேண்டும். அவ்வாசிரியர் யாழ்ப்பாணத்தை விட்டு வாழ்ந்தறியாதவர். தம் இளமையில் ஃபானைப் பான் என்று சொல்லி அடி வாங்கியதை அவரே எமக்குக் கூறியுள்ளார். மூத்தவன் அடுத்த நாள் இருபது சிறு கண்ணாடிகள் வாங்கிச் சென்றான். அவனது வகுப்பில் எஃப் பிறந்தது அக்கிழமையிலேதான்.

மற்றொன்று பெயர்முன் வரும் ஆங்கிலச் சுட்டுகள் பற்றியது. கொரியத்திலும் அவை இல்லை, தமிழிலும் இல்லை. ஓரிடத்தில் 'தி' வருவதும் ஓரிடத்தில் 'ஏ' வருவதும் ஓரிடத்தில் ஒன்றும் வராதொழிவதும் ஏன் எனப் பாடசாலையின் கொரிய ஆங்கில ஆசிரியை கேட்டபொழுது அவனால் விடையிறுக்க இயலவில்லை. எது சரி என்பதைத் தவறாது சொன்னான். ஏன் என்பதைச் சொல்ல அறியான். இதில் வியப்பில்லை. 'அந்தப் பையன்' என்புழி ஒற்று மிகுவதும் 'நல்ல பையன்' என்புழி மிகாமையும் ஏன் எனத் தெருவிற் செல்லும் தமிழர் நூற்றுவரைக் கேட்டுப் பாருங்கள். நூற்றுவரும் பிழையறப் பேசுவர். இலக்கணம் ஓதியவரன்றிப் பிறர் காரணம் கூறார். மூத்தவன் என் செய்தான்? வன்னியிலிருந்த தன் பழைய வாங்குத் தோழனுக்கு வட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டான். இரண்டாமவன் அன்றிரவே படங்களுடன் மூன்று பக்க விளக்கம் அனுப்பினான். பிறகு அது வழக்கமாயிற்று. கொரியச் சிறார்க்குரிய பாடக் குறிப்புகள் பலவும் வன்னியில் எழுதப்பட்டு, கனடாக் கடவுச்சீட்டு உடையவன் வாயால் அங்கே சொல்லப்பட்டன. அச்சொல்லுக்குரிய சம்பளம் யாருக்கென்பதை நாம் கூற வேண்டுவதில்லை. மூத்தவன் நேர்மையாளன்; ஒருமுறை பணம் அனுப்ப முயன்றான். இரண்டாமவன் மறுத்துவிட்டான் எனப் பின்னர் அறிந்தோம்.

அயல்மொழி ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்குப் புதியவரல்லர். 1816 முதல் அமெரிக்க மிசனரிமார் இங்கு வந்து ஆங்கிலம் கற்பித்தனர். 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினரி நிறுவினர். அவர் நோக்கம் யாதென்பதையும், அதற்கு மாறாகவே நமது இந்துக் கல்லூரிகள் எழுந்தன என்பதையும் இம்மலர் படிப்போர் நன்கறிவர். ஆயினும் அவர்கள் கற்பிக்க வந்த ஊரின் மொழியைத் தாமும் கற்றார்கள் என்பதை மறுத்தல் நீதியன்று. வின்சுலோ பெயரால் 1862 இல் வெளிவந்த தமிழ்-ஆங்கில அகராதியை இன்றும் நாம் புரட்டுகின்றோம். பேர்சிவல் பாதிரியார் தம் மாணவரான நாவலரையே துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கினார். கொரியாவுக்குச் செல்லும் இளைஞரோடு இவர்களை ஒப்பிடுதல் பொருந்தாது என்பர் சிலர். உண்மைதான். ஓராண்டு ஒப்பந்தத்தில் வருபவன் ஒரு மொழியை எங்ஙனம் கற்பான்? குறை அவ்விளைஞரைச் சார்ந்ததன்று. அவரை முகத்துக்கும் உச்சரிப்புக்குமாக வாங்கி, ஆண்டிறுதியில் மாற்றிக்கொள்ளும் முறையைச் சார்ந்தது. மூத்தவனின் முதல் நிறுவனத்தார் பதினொராம் மாத முடிவில் அவனை நிறுத்தினர். ஓராண்டு நிறைந்தால் ஒரு மாதச் சம்பளத்தைப் பணிக்கொடையாகத் தரவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

பிற்பகல் வகுப்பும் நெடிது நீடிக்கவில்லை. அந்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஆங்கிலம் மூன்றாம் வகுப்பிலேயே தொடங்குகின்றது. 1997 முதல் அஃதே முறை. பாடத்திட்டத்தை முந்திக் கற்பித்தலைத் தடுக்க 2014 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, முதலிரு வகுப்புச் சிறார்க்குப் பாடசாலையிற் பிற்பகல் ஆங்கிலமும் 2018 பெப்ரவரியோடு நிறுத்தப்பட்டது. பெற்றோர் கொதித்தெழுந்தனர். வசதியுடையார் பிள்ளைகளை ஹாக்வொனுக்கு அனுப்பினர், இல்லாதார் வாளாவிருந்தனர். 2019 இல் அரசு சட்டத்தைத் திருத்தி அவ்வகுப்புகளுக்கு மீண்டும் இடமளித்தது. அதற்குள் மூத்தவன் கனடா திரும்பிவிட்டான். இப்பொழுது அங்கே கற்பித்தற் பயிற்சி முடித்து, புதிதாகக் குடியேறும் முதியோர்க்கு ஆங்கிலம் கற்பிக்கின்றான். கண்ணாடி இன்னும் அவன் பையில் உண்டாம்.

இரண்டாமவன் கொரியாவுக்கு விண்ணப்பிக்க எண்ணி விதிகளை வாசித்து அன்றே கைவிட்டான். பயிற்சிச் சான்றிதழையும் பட்டத்தையும் காட்டி, "இவை ஏழு நாட்டுப் பட்டியலில் இல்லை, சேர்" எனச் சிரித்துக்கொண்டே சொன்னான். அச்சிரிப்பு எமக்கு உவப்பாயில்லை. பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் சான்றிதழொன்று எமது வீட்டுச் சுவரிலும் தொங்குகின்றது.

மூன்றாமவனோ நான்கு ஆண்டும் பத்து மாதமுமாகிய தன் தவணை முடிந்து 2019 இல் ஊர் வந்தான். சம்பளப் பாக்கிக்காகப் பட்டறை முதலாளியோடு கொரிய மொழியிலேயே வாதாடி வென்று வந்தவன். இப்பொழுது யாழ்ப்பாண நகரில் மாடியறையொன்றை வாடகைக்கு எடுத்து, கொரியா செல்ல விரும்பும் இளைஞர்க்கு மாலைதோறும் அம்மொழியைக் கற்பிக்கின்றான். சென்ற மாதம் சென்று பார்த்தோம். முப்பத்தெட்டுப் பேர் இருந்தனர்; சிலர் சாளரக் கட்டில் அமர்ந்திருந்தனர். தமிழர் நாவுக்கு வராத கொரிய ஒலியொன்றை அவன் விளக்கிக்கொண்டிருந்தான். உதட்டுக்கு முன்னே கடதாசித் துண்டொன்றைப் பிடித்து, அது அசைகின்றதா எனப் பார்க்கச் சொன்னான். எம்மைக் கண்டதும் வகுப்பு முழுவதையும் எழச் செய்து, 'சொன்செங்னிம்' என வணங்கச் சொல்லிக் கொடுத்தான். முன் பிறந்தவர் என்பது அதன் பொருளென அவனே எமக்கு விளக்கினான். அமர்வதற்குக் கதிரை ஒன்று போட்டான். அதன் ஒரு கால் புதிதாக ஒட்டப்பட்டிருந்தது.