குட்டை ஸ்பிரிங், நெட்டை அப்சோர்பர்

கிள்ளானில் அந்தப் பட்டறைக்குள் நான் நுழைந்தபோது டொயோட்டா 86 ஒன்று ஹாய்ஸ்ட்டில் ஏறி நின்றது. எல்லாரும் ‘அண்ணே’ என்று கூப்பிடும் தலைமை மெக்கானிக், பின்சக்கரத்துப் பக்கம் டார்ச் அடித்து, “இங்க பாருங்க சார்” என்றார்.

அப்சோர்பரின் தூசி உறையை மேலே ஒதுக்கியிருந்தார். தண்டில் ஒரு கறுப்பு கேபிள் டை. முந்தின நாள் மாலை அதைக் கட்டி, குழாயின் வாய்வரை இறக்கிவிட்டு, உரிமையாளரான இளைஞரை வழக்கம்போல ஓட்டச் சொல்லியிருந்தாராம். அப்சோர்பர் அமுங்கும்போது குழாய் அந்த டையை மேலே தள்ளும். விரியும்போது டை போன இடத்திலேயே நின்றுவிடும். இப்போது அது கடைசித் தடுப்பான பம்ப் ஸ்டாப்பின் அடியில் நசுங்கிக் கிடந்தது.

“ஒரு ராத்திரிதான் ஓட்டியிருக்காரு. முழுசா அடி வாங்கியிருக்கு.”

காரை 30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங்கை வாங்கிப் போட்ட இளைஞர், பழைய அப்சோர்பரை அப்படியே விட்டுவிட்டார். பலரும் செய்வது இதுதான். கார் எவ்வளவு இறங்குகிறதோ, அமுங்குவதற்கான இடத்திலும் ஏறக்குறைய அவ்வளவு போய்விடுகிறது. மிச்சம் இருந்தது ஒரு விரல் தடிமன்கூட இல்லை. கன்டெய்னர் லாரிகள் ஓடித் தேய்ந்த துறைமுகச் சாலையில் அது எந்த மூலைக்கு?

இன்னொரு சிக்கலும் உண்டு. இறக்கும் ஸ்பிரிங் குட்டை மட்டுமல்ல, விறைப்பும் கூட. அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரியும் வேகத்தைப் பிடித்து நிறுத்துவது அப்சோர்பரின் வேலை. ஸ்பிரிங் 25 சதவீதம் விறைத்தால் தணிப்பு விசையும் சுமார் 12 சதவீதம் கூட வேண்டும். கணக்கு வர்க்கமூலத்தில் போகிறது. பழைய அப்சோர்பருக்கு அந்தப் பலம் இல்லாததால்தான் போங்கோல் எனும் வேகத்தடையைத் தாண்டியதும் காரின் பின்பக்கம் இரண்டு மூன்று முறை குதித்தது.

கழற்றிய அப்சோர்பரை அண்ணே என் கையில் கொடுத்தார். “அமுக்கி, இழுத்துப் பாருங்க.” அமுக்கினேன், தண்டு உள்ளே போய் அங்கேயே நின்றது. இழுக்கும்போது முதல் சில மில்லிமீட்டர் எந்தப் பிடிப்பும் இல்லை, பிறகுதான் எண்ணெய் கையைத் தடுத்தது. புதியது ஒன்றை நிமிர்த்தி என் முழு எடையையும் போட்டு அமுக்கினேன். கையை எடுத்ததும் உள்ளிருந்த நைட்ரஜன் அழுத்தத்தில் தண்டு அவசரமில்லாமல் வெளியே வந்தது.

இளைஞருக்கு உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற ஹைலோ மீதுதான் ஆசை. அண்ணே தடுக்கவில்லை, கேள்விதான் கேட்டார்.

“செப்பாங் ரேஸ் டிராக்குக்கு வருசத்துக்கு எத்தன தடவ போவீங்க தம்பி?”

“ரெண்டு தடவண்ணே.”

“மிச்ச நாளு?”

“வேலைக்குத்தான்.”

கடைசியில் எடுத்தது பில்ஸ்டைன் பி8. அதே கம்பெனியின் பி6 காரின் அசல் உயரத்துக்கு உரியது. பி8 இறக்கிய காருக்கென்றே குட்டையாகச் செய்யப்படுவது. பலத்தை மட்டும் பார்த்து நெட்டையானதை வாங்கினால், சக்கரம் தொங்கும்போது குட்டை ஸ்பிரிங் தான் உட்காரும் தட்டை விட்டுக் கழன்று ஆடலாம். அப்சோர்பர் வாங்கப்போகிறவர் விலைப்பட்டியலுக்கு முன்னால் இந்த நீளத்தைத்தான் கேட்க வேண்டும் என்பது எனக்கு அன்று உறைத்தது.

பொருத்தும் வேலையில் என்னை நிறுத்தியது ஒரே ஓர் இடம். உதவிக்கு இருந்த பையன் லோயர் ஆர்ம் போல்ட்டை இறுக்கப் போனான். அண்ணே அவன் கையைப் பிடித்து நிறுத்தி, அந்த ஆர்முக்கு அடியில் ஜாக்கை வைத்து, சக்கரம் தரையில் நிற்கும் உயரத்துக்கு ஏற்றினார். அதன்பிறகுதான் டார்க் ரெஞ்சு. தொங்கும் நிலையில் இறுக்கினால் காரை இறக்கியதுமே புஷ் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். ஓயாத அந்த முறுக்கிலேயே சீக்கிரம் கிழிந்தும்போகும். வெளியிலிருந்து பார்ப்பவர் யாருக்கும் இந்த வேலை தெரியாது. பில்லில் இதற்கென்று ஒரு வரிகூட இல்லை.

அலைன்மென்ட் முடித்து, புது கேபிள் டை ஒன்று கட்டி, மூவரும் அதே சாலையில் போய்வந்தோம். போங்கோலில் கார் ஒரு முறை எழுந்து, உட்கார்ந்தது. திரும்பியதும் அண்ணே டார்ச்சோடு குனிந்தார். டை பம்ப் ஸ்டாப்பின் நுனியை லேசாகத் தொட்டு நின்றிருந்தது.

“இவ்வளவு தொடலாம் தம்பி” என்று சொல்லி, டையை மறுபடி கீழே இறக்கிவிட்டார். “ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்க.”