மைக் நின்ற பிறகு...

கோயில் கொடைக்குக் கிளம்பிய என் பையில் என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? குரங்குக் குல்லா, கொசு களிம்பு, வாயு மாத்திரை, காற்று ஊதும் தலையணை. பார்த்துவிட்டு என் மனைவி கேட்டாள்:

"பாட்டுக் கேக்கப் போறீங்களா, ஆஸ்பத்திரியில படுக்கப் போறீங்களா?"

என்ன சொல்வது? இருபது வயதில் சட்டைப் பையில் ஒரு சீப்போடு போய், காலை ஆறு மணி வரை வில்லுப்பாட்டு கேட்டவன் நான். பி.காம். படித்தவனுக்குத் தேய்மானம் என்றால் என்னவென்று தெரியுமே! நேர்கோட்டு முறையில் வருடத்துக்கு இருபது நிமிடம் கழித்தால், இந்த முப்பத்தாறு வயதில் நான் தாங்குவது இரவு பன்னிரண்டு நாற்பது வரைதான். இதே கணக்கில் போனால் ஐம்பதாவது வயதில், எட்டு மணிக்கு வில்லுக்காரர்கள் மேடையேறும்போதே நான் படுத்துவிடுவேன்!

கூட வந்தவர் என் தாய்மாமா. வயது எழுபத்தாறு. அவரிடம் பை கிடையாது. தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான். இடது காது போயே போய்விட்டது, வலது காது பாதி. காதுமிஷினை வீட்டிலேயே வைத்துவிட்டார்.

"அதுல கேட்டா எல்லாம் ரேடியோ மாதிரில்லா இருக்கு!"

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரோட்டில் சுமார் 24 கிலோமீட்டர் போனால் ஆதிச்சநல்லூர். தாமிரபரணியின் தென்கரை. பஸ்ஸில் மாமா தன் பழைய கதையை ஆரம்பித்தார். 'கொஞ்சும் சலங்கை' படம் வந்த 1962-ல் அவருக்கு வயது பதிமூன்று. அந்தப் படத்தில் எஸ்.ஜானகியின் பாட்டுக்கு நாதஸ்வரம் வாசித்து ஊரையே கிறங்கடித்த காருகுறிச்சி அருணாசலம், இந்தச் சீமைக்காரர். 1921-ல் பிறந்து 1964-லேயே போய்விட்டார். அவர் வாசித்த ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு மாமாவை அவர் அப்பா தோளில் கைபோட்டுக் கூட்டிப் போனாராம்.

"என்ன ராகம் மாமா வாசிச்சார்?"

"யாருக்குத் தெரியும்? பாதியில திண்ணையில தூங்கிட்டேன். ஆனா நான் அங்க இருந்தேன்லே!"

அறுபது வருஷத்துக்கு மேலாக இதே பெருமைதான்.

கொடை நடக்கும் கிராமம் இன்னும் கொஞ்ச தூரம். பகல் பொழுது கிடந்ததால் ஆதிச்சநல்லூரில் இறங்கிப் பரம்பைப் பார்த்தோம். 114 ஏக்கர் மேடு. மண்ணுக்குள் முதுமக்கள் தாழிகள். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டிக் கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டு போனார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். எலும்பு, இரும்பு, வெண்கலம், நெற்றியில் கட்டும் தங்கப் பட்டம், நெல் உமி, துணியின் மிச்சம் என்று என்னென்னவோ கிடைத்தன. 2021-ல் மறுபடி தோண்டிய குழிகளை இப்போது கண்ணாடித் தளத்தின் மேல் நின்றே பார்க்கலாம்.

நான் காலுக்குக் கீழே பார்த்தபடி, "இவ்வளவு வச்சாங்களே, இவங்க என்ன பாட்டு கேட்டாங்கன்னு ஒண்ணும் கிடைக்கலையே மாமா" என்றேன். மாமா ஒரு தாழியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வெந்த மண்ணுலே. தட்டினா பேசும்."

அவர் அதைத் தட்டிப் பார்த்துவிடுவாரோ என்ற பயத்தில் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

ராத்திரி எட்டு மணி. பந்தலில் வில்லு. நீளமான பனை வில், அதில் வரிசையாக மணிகள். பாட்டுக்கார அம்மா வீசுகோலால் அடிக்க, பக்கத்தில் உடுக்கை, ஜால்ரா, கட்டை. வில்லோடு கட்டிய மண்குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கிறார் ஒருவர். சுடலைமாடன் கதை. ஸ்பீக்கர் பெட்டி முன்னால் இளவட்டங்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். ஒரு காலத்தில் நான் நின்ற இடம்! இப்போது அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் இடிக்கிறது. நைஸாகப் பின்வரிசை நாற்காலிக்கு நகர்ந்தேன். மாமா ஒன்றும் பிடிபடாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். எல்லாமே அவருக்கு ஒரே இரைச்சல். எதற்கு இவரை இழுத்து வந்தோம் என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது.

மணி பத்து. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ல் வந்த விதி. திருவிழாவென்றால் வருடத்தில் சில நாள் பன்னிரண்டு வரை அனுமதி தரலாம். அன்றைக்கு இங்கே பத்துதான். மைக்கை அணைத்தார்கள். இளவட்டம் கலைந்தது. ஆனால் வில்லு நிற்கவில்லை. கதையைச் சாமக்கொடை வரைக்கும் கொண்டுபோக வேண்டுமே!

அப்போதுதான் கவனித்தேன். கிழவர்களும் கிழவிகளும் ஒவ்வொருவராக எழுந்து முன்னால் போய் மணலில் உட்கார்ந்தார்கள். மாமாவும் எழுந்தார். குடக்காரருக்குக் கை எட்டும் தூரத்தில், நல்ல காதைக் குடத்துப் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். நானும் போனேன்.

"இப்பத்தாம்லே பாட்டு. நாங்க சின்னப் பயலுவளா இருந்தப்ப இப்படித்தான்" என்றார்.

அந்த அம்மாவின் மூச்சு வாங்குவது கூடக் கேட்டது. குடத்தின் அதிர்வு மணல் வழியாக உள்ளங்காலுக்கு வந்தது. இத்தனை வருஷம் நான் ஸ்பீக்கரைத்தான் கேட்டிருக்கிறேனோ?

பன்னிரண்டு நாற்பது. கணக்கு பொய்க்கவில்லை சார்... தூங்கிவிட்டேன். நடுவில் ஒரு சத்தம் எழுப்பியது. பாட்டுக்கார அம்மா ஒரு வரியை நிறுத்த, பின்பாட்டுக்காரர் வாயைத் திறக்குமுன் மாமா போட்டார் ஒரு "ஆமா!" சரியான இடம். அந்த அம்மா சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரிக்கும் மாமாவைப் பார்த்தே நிறுத்தினார்.

காலை முதல் பஸ். மாமாவின் வேட்டி முழுக்க மணல். ஜன்னலுக்கு வெளியே பரம்பு போய்க்கொண்டிருந்தது.

"அடுத்த கொடைக்கு நான் இருக்கேனோ என்னமோ. நீ வந்துரு மருமவனே."

"நான்தான் தூங்கிடுறேனே மாமா."

"தூங்கினா என்னலே? அங்க இரு. அது போதும்."

அடுத்த வருஷம் என் பையில் ஒரு போர்வை கூடும். எனக்கல்ல, ஏழு வயது மகனுக்கு. பாதியில் தூங்கிவிடுவான். தூங்கட்டும்.