காலைத் தரையில் வைக்காமல் ஐம்பது கிலோமீட்டர்

ஸ்கேட்போர்டு என்றதும் படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்கி, பாதியில் விழுந்து, எழுந்து சிரிக்கும் பையன்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தூரத்துச் சொந்தமாக இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் தாவுவதில்லை, குதிப்பதில்லை. நீளமான பலகையில் ஏறி நின்று, இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பி, பாம்பு நெளிவது போல நெளிந்துகொண்டே கிலோமீட்டர் கணக்கில் போவார்கள். ஒரு காலைக்கூடத் தரையில் ஊன்றுவதில்லை. பார்ப்பவர்களுக்குப் பலகைக்கு அடியில் மோட்டார் ஏதோ ஒளித்து வைத்திருப்பது போலத் தோன்றும். மோட்டார் மேலேதான் நிற்கிறது :-)

இதற்கு பம்ப்பிங் என்று பெயர். இதற்கென்றே ஒரு லாங்போர்டு வாங்கி, அதைத் தன் உடம்புக்கு ஏற்றபடி பூட்டிக்கொள்வது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

அதற்கு முன், எவ்வளவு தூரம் போக முடியும் என்று ஒரு கணக்கு. 2007-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜேம்ஸ் பீட்டர்ஸ் என்பவர் 24 மணி நேரத்தில் 184 மைல், அதாவது 296 கிலோமீட்டர், ஸ்கேட்போர்டில் போனார். அப்போது அது உலக சாதனை. பத்து வருடம் கழித்து, 2017 ஜனவரியில், மயாமிக்குப் பக்கத்தில் ஹோம்ஸ்டெட் கார் பந்தயத் தடத்தில் நடந்த அல்ட்ராஸ்கேட் போட்டியில், நெதர்லாந்துக்காரர் ரிக் ப்ரோங்க் அதே 24 மணி நேரத்தில் 500 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டார். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் சேர்த்தே சராசரி மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். அந்தப் போட்டியில் தரையை உதைத்தும் போகலாம், பம்ப் செய்தும் போகலாம். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்பவர்கள் நிறைய. ஒரு வகைத் தசை களைத்தால் அடுத்த வகை வேலைக்கு வரும்.

சரி, தரையைத் தொடாமல் வண்டி எப்படி நகர்கிறது? ஊறவைத்த புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் என்ன ஆகும்? பக்கவாட்டில்தான் அழுத்துகிறோம், கொட்டையோ முன்னால் பாய்கிறது. பலகையைச் சாய்த்தால் முன் சக்கரங்கள் சற்றுத் திரும்பும். அந்த நேரத்தில் உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டில் தள்ளினால், சக்கரம் பக்கவாட்டில் வழுக்க மறுத்து, தான் உருளும் திசையில் போகிறது. தள்ளியதில் ஒரு பங்கு வேகமாகிறது. உடனே மறுபக்கம். ஊஞ்சலில் நின்று ஆடுபவர் சரியான நொடியில் முழங்காலை மடக்கி நீட்டுவது போல, இங்கேயும் எல்லாம் தாளம்தான்.

இது புரிந்தால் பலகை வாங்கும்போது காசை எங்கே போடுவது என்பதும் புரிந்துவிடும். புதிதாக வாங்குபவர் பெரும்பாலும் பலகையில்தான் போடுகிறார். மூங்கிலா, மேப்பிளா, மேலே என்ன படம் என்று அதிலேயே பாதிப் பணம் போய்விடும். கடைசியில் மிச்சமிருக்கும் காசுக்கு ஒரு ஜோடி ட்ரக். முறை இதற்கு நேர் எதிராக இருக்க வேண்டும். வேகத்தை உண்டாக்குவது முன் ட்ரக். அதற்கு அடுத்தது, இரண்டு பழத்தின் விலைக்குக் கிடைக்காவிட்டாலும் மற்றவற்றை விட மலிவான புஷிங். பிறகு சக்கரம். பலகை கடைசிதான்.

ட்ரக் என்பது பலகைக்கு அடியில் சக்கர அச்சைத் தாங்கும் உலோகப் பாகம். பலகை சாய்ந்தால் அச்சு எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை அது பூட்டியிருக்கும் கோணம் தீர்மானிக்கிறது. சாதாரண லாங்போர்டில் முன்னும் பின்னும் ஒரே ட்ரக், ஒரே கோணம். பலகை தன் நடுப்புள்ளியைச் சுற்றித் திரும்பும், வால் எதிர்ப்பக்கம் வீசும். தெருவில் சும்மா போய்வர அது போதும். பம்ப் செய்யும்போது, முன்னால் சேர்க்கும் வேகத்தை அந்த வால் வீச்சு தின்றுவிடும். சைக்கிளை நினைத்துக்கொள்ளலாம். முன் சக்கரம் திரும்புகிறது, பின் சக்கரம் பின்னாலேயே வருகிறது. பம்ப்பிங் பலகையும் ஏறக்குறைய அப்படி இருக்க வேண்டும். முன்னால் கோணம் அதிகம், பின்னால் குறைவு.

இதைக் கண்டுபிடித்தவர்கள் நெடுந்தூரக்காரர்கள் இல்லை. 1970-களில் கலிபோர்னியாவில் கூம்புகளை வரிசையாக வைத்து வளைந்து வளைந்து ஓடிய ஸ்லாலம் பந்தயக்காரர்களிடமிருந்து வந்த வித்தை இது. ஃபிராங்க் நாஸ்வொர்த்தி யூரித்தேன் சக்கரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதுவே சாத்தியமாயிற்று. அதற்கு முன்பிருந்த களிமண் சக்கரத்தில் பக்கவாட்டில் தள்ளினால் புளியங்கொட்டை பாயாது, ஆள்தான் பாய்வார்.

முன்னால் பென்னட், பின்னால் ட்ராக்கர் என்பது இந்த வட்டாரத்தில் பல வருடம் சொல்லப்பட்ட பழைய ஜோடி. பென்னட் சுலபமாகத் திரும்பும், ட்ராக்கரின் பந்தய ட்ரக் அடக்கமாகப் பின்தொடரும். பிறகு ஜி-பாம், டோன்ட் ட்ரிப் போன்ற சின்னச் சின்னத் தயாரிப்பாளர்கள் இதற்கென்றே பலகையும் ட்ரக்கும் செய்ய ஆரம்பித்தார்கள். அருமையான பொருட்கள், விலையும் அப்படித்தான். மாணவர் பட்ஜெட்டுக்கு ஒரு வழி இருக்கிறது: முன்னால் 50 டிகிரி பேஸ்பிளேட், பின்னால் 35 டிகிரி பேஸ்பிளேட். ராண்டல் ட்ரக்குகள் இரண்டு கோணத்திலும் வந்தன. கையில் இருப்பது இரண்டுமே 50 என்றால், வெட்ஜ் எனப்படும் ஆப்பு வடிவப் பிளாஸ்டிக் துண்டை ட்ரக்குக்கும் பலகைக்கும் நடுவில் செருகலாம். ஒரு பக்கமாக வைத்தால் கோணம் கூடும், திருப்பி வைத்தால் குறையும். சரியாகத்தான் வைத்திருக்கிறதா என்று பார்க்க, பலகையைக் கையால் சாய்த்து முன் அச்சும் பின் அச்சும் எவ்வளவு திரும்புகின்றன என்று கவனித்தால் போதும். முன் அச்சு நன்றாகத் திரும்பி, பின் அச்சு சோம்பலாகத் திரும்ப வேண்டும். வெட்ஜ் போட்டால் திருகாணியும் நீளமாக வேண்டும். இதை மறந்துவிட்டு மறுபடி கடைக்கு ஓடாதவர்கள் குறைவு.

அடுத்து புஷிங். ட்ரக்கின் நடுவே கிங்பின்னில் கோத்திருக்கும் ரப்பர் போன்ற யூரித்தேன் வளையங்கள் இவை. சாய்ந்த பலகையை மறுபடி நிமிர்த்துவது இவற்றின் வேலை. எண் குறைந்தால் மென்மை, கூடினால் கடினம். 60 கிலோ எடை உள்ளவர் முன்னால் 78ஏ பக்கத்தில் ஆரம்பித்து, பின்னால் சில புள்ளி கூட்டி வைத்துப் பார்க்கலாம். கனமானவருக்கு இரண்டும் ஏற வேண்டும். மெத்தென்று இருக்கிறதே என்று நட்டை இறுக்கிக்கொண்டே போவது தப்பு. புஷிங் பிதுங்கி உயிரை விடுமே தவிர கடினமாகாது. வேறு புஷிங்தான் போட வேண்டும்.

பலபேர் ஏமாறுகிற இடமும் இதுதான். மென்மையான புஷிங், செங்குத்தான முன் ட்ரக், குட்டையான பலகை. ஏறி நின்றதும் துள்ளும். ஐந்து நிமிடத்தில் சிரிப்பு முகமெல்லாம் பரவும். அதே பலகை ஐந்தாவது மணி நேரத்தில் எதிரியாகிவிடும். நேராகப் போகச் சொன்னாலும் போகாது. கணுக்கால் ஒவ்வொரு நொடியும் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பம்ப் செய்யாமல் சும்மா உருளும் நேரத்தில்கூட உடம்புக்கு ஓய்வில்லை. வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி முழங்கால் மடங்க மறுத்தால், பலகையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். குறுகிய ஓட்டத்துக்கு நன்றாக இருப்பதை விட ஒரு படி கடினமாகவும், ஒரு படி மந்தமாகவும் பூட்டுவதுதான் நெடுந்தூரத்துக்கு நல்லது. வீச்சு அகலமாகும், தாளம் மெதுவாகும், மூச்சு நிற்கும். முதல் பத்து நிமிடம் சலிப்பாகத் தெரிகிற பலகையைக் கடையில் யாரும் வாங்க மாட்டார்கள் என்பதுதான் கஷ்டம்.

சக்கரம்: 80-லிருந்து 90 மி.மீ. வரை, 75ஏ முதல் 80ஏ வரை மென்மை. பெரிய சக்கரம் சாலை விரிசலை விழுங்கிக்கொண்டு போகும். மென்மையானது தரையைப் பிடிக்கும், அதிர்வைக் குறைக்கும். உள்ளே இருக்கும் கெட்டியான கோர் பெரிதாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மொத்தச் சக்கரமும் நசுங்கி நசுங்கி வேகத்தைக் குடிக்கும். சீஸ்மிக்கின் 85 மி.மீ. ஸ்பீட் வென்ட் இந்தக் காரணத்தால்தான் பேர் வாங்கியது. ஆனால் சக்கரம் பெரிதாகப் பெரிதாக, சாயும்போது பலகையின் அடியில் உரசும் ஆபத்தும் கூடும். உரசினால் சக்கரம் சட்டென்று நின்றுவிடும், நிற்பவர் நிற்க மாட்டார். ரைசர் வைத்து உயர்த்தலாம், அல்லது சக்கரத்துக்கு இடம் விட்டு வெட்டிய பலகையாக வாங்கலாம்.

பேரிங்குக்கு ரொம்பப் பேச வேண்டாம். எல்லாம் 608 தான்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ. பெட்டியில் அச்சடித்திருக்கும் ஏபெக் எண்ணைப் பார்த்து மயங்கிக் கூடுதல் காசு கொடுப்பதை விட, இரண்டு பேரிங்குக்கு நடுவில் ஸ்பேசர் இருக்கிறதா என்று பார்ப்பது பிரயோஜனம். ஸ்பேசர் இல்லாமல் நட்டை இறுக்கினால் எவ்வளவு விலை உயர்ந்த பேரிங்கும் முக்கும்.

கடைசியாகப் பலகை. 32 முதல் 38 அங்குலம் பலருக்கும் ஒத்துவரும். கொஞ்சம் வளைந்து கொடுப்பது நல்லது, முழங்காலுக்கு அதுவே ஸ்பிரிங். முறுக்கினால் மட்டும் முறுக்கக் கூடாது, அப்படி முறுக்கினால் இடுப்பிலிருந்து வரும் பலம் ட்ரக்குக்குப் போய்ச் சேராது. உதைத்தும் போக நினைப்பவருக்குத் தரைக்கு நெருக்கமான பலகை வேண்டும். ஒவ்வொரு உதைக்கும் நிற்கும் கால் அவ்வளவு ஆழம் மடங்க வேண்டியிருக்கிறது, ஆயிரம் உதைக்குப் பிறகு ஒரு அங்குலத்தின் அருமை தெரியும். பம்ப் மட்டும்தான் என்றால் உயரமாக நிற்பது லாபம். பலகையைச் சாய்க்க நெம்பு பலம் அதிகம் கிடைக்கும்.

பூட்டி முடித்ததும் நேராக ஐம்பது கிலோமீட்டருக்குக் கிளம்பக் கூடாது. ஒரே வட்டப்பாதையில், ஒரே தூரம், ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். இன்று முன் புஷிங், நாளை பின் கோணம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. வேகம் கூடும்போது வால் நடுங்கினால் பின் ட்ரக்கைக் கெட்டியாக்கலாம், அல்லது கோணத்தைக் குறைக்கலாம். வேகமே சேரவில்லை என்றால் முன்னால் மென்மை போதவில்லை, அல்லது தோள் முதலில் திரும்பாமல் கால் மட்டும் ஆடுகிறது. இரண்டாவது காரணத்துக்குப் புஷிங் வாங்கிப் பயனில்லை.

தூரம் போகும் நாளில் பையில் ஒரு ஸ்பேனர், ஒரு ஜோடி கடினமான புஷிங், தண்ணீர். காலையில் சரியாக இருந்த முன் ட்ரக், முப்பதாவது கிலோமீட்டரில் களைத்த கணுக்காலுக்கு ஆட்டம் காட்டும். ஓரமாக உட்கார்ந்து மாற்ற ஐந்து நிமிடம் ஆகும்.