காலுக்குத் தெரிந்த கடைகள்

பழனி எவ்வளவு தூரம் என்று இன்று யாராவது கேட்டால், கொழிஞ்சாம்பாறையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் என்கிறேன். நடந்து போன காலத்தில் எங்கள் கூட்டத்தில் ஒருவரும் கிலோமீட்டரில் பேசியதில்லை. ‘கோவாலபுரத்து வடைக்கடை தாண்டியாச்சா?’ என்பார்கள். ‘கோமங்கலத்துச் சோடாக்கடைக்கு இன்னும் ஒரு நடை இருக்குது’ என்பார்கள். நாட்டுக்கல்லில் கட்டன் சாயா, கோபாலபுரத்தில் பருப்புவடை, ஜமீன் ஊத்துக்குளியில் பன், கோமங்கலத்தில் உப்புச் சோடா, மடத்துக்குளத்தில் வாழைப்பழம், பிறகு சண்முகநதியில் குளியல். தைப்பூசப் பாதை எனக்கு மனப்பாடமானது இந்த வரிசையில்தான்.

கொழிஞ்சாம்பாறை பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். சித்தூர் தாலுக்காவின் இந்தப் பகுதி பழைய கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது கேரளத்தோடு நின்றது. வீட்டிலும் வயலிலும் தமிழ்தான். சந்தைக்கும் சம்பந்தத்துக்கும் பொள்ளாச்சிப் பக்கம் போவார்கள். சாமிக்குப் பழனி. மலையாளம் பேசுகிறவர்களுக்கும் பழனியாண்டவர் அதே அளவுக்குச் சொந்தம். அதனால் தை பிறந்துவிட்டால் பாலக்காட்டிலிருந்து கிழக்கே போகும் சாலையெல்லாம் பச்சையும் காவியுமாக வெறுங்கால்கள் நகர்ந்துகொண்டிருக்கும். எங்கள் கூட்டத்துக்கு அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சிதான் குருசாமி.

அந்த மாதத்தில் இந்தப் பாதையின் பெரிய சோதனை காற்றுதான். தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். பழனிக்குப் போகிறவர்கள் கிழக்கு நோக்கித்தான் நடக்க வேண்டும். காற்று முழுவதும் முகத்தில் அடிக்கும். விடியற்காலையில் குளிர், பத்து மணிக்கு மேல் சுள்ளென்ற வெயில், நாள் முழுக்கத் தூசி. உதடு வெடித்துவிடும். வியர்வை காற்றிலேயே உலர்ந்துபோவதால் உடம்பு தண்ணீர் இழப்பது வெளியே தெரியாது; சட்டையில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படி நடந்து வருகிறவன் கண்ணில் ஓலை வேய்ந்த ஒரு சாயாக்கடை பட்டால் அது என்னவென்று சொல்வது!

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முன்னால் ஒரு பெஞ்சு. மேலே உத்தரத்தில் தொங்கும் பூவன், ஞாலிப்பூவன் குலைகள். அவற்றின் பக்கத்தில் பீடி பற்றவைக்க, நுனியில் கனன்றுகொண்டே இருக்கும் தேங்காய்நார்க் கயிறு. மேசை மேல் கண்ணாடி அலமாரி. அதற்குள் மேல்தட்டில் பருப்புவடை, உழுந்துவடை, அடுத்த தட்டில் சுகியன், பழம்பொரி, கீழே பன், வெட்டுகேக். விரதக்காரர்களுக்கு வெட்டுகேக் ஆகாது, முட்டை சேர்ந்திருக்கும். கேரளப் பக்கத்துக் கடைக்கார அம்மா எங்கள் மாலையைப் பார்த்ததுமே அந்தத் தட்டைத் துணியால் மூடிவிடுவாள். அவளிடம் யாரும் கேட்டதில்லை. வடையைக் கிழித்த பத்திரிகைத் தாளில் வைத்துத் தருவாள். தாளில் எண்ணெய் படரப் படர மலையாள எழுத்து மங்கும். சூடு கையில் தாங்காது. மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தபடியே தின்போம். முறுகிய ஓரத்தில் ஒரு கடி, இடையில் அகப்படும் இஞ்சித்துண்டு, கறிவேப்பிலை, பச்சை மிளகாயின் காரம்; அந்தக் காரத்தோடு காற்றுக்கு எதிராக அரை மைல் போய்விடலாம்.

எதை எப்போது தின்பது என்பதில் அப்புச்சிக்குக் கறாரான முறை இருந்தது. விடியுமுன் வெறும் கட்டன் சாயா, கூட ஒரு பன். வெயில் ஏறியதும் மோர், அல்லது எலுமிச்சையும் உப்பும் போட்ட சோடா. மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டால் கால் நடக்காது என்பதால் இரண்டு பழம், ஒரு கடலைமிட்டாய். எண்ணெய்ப் பண்டம் சாயங்காலத்துக்கு மேல்தான். “தண்ணிய மொடக்கு மொடக்குனு குடிக்காத கண்ணு. ஒரு வாய் பழந்தின்னுட்டுக் குடி” என்பார். அவர் எந்த வைத்திய நூலும் படித்தவரில்லை. வேர்த்து நடக்கிறவனுக்கு வெறும் தண்ணீர் போதாது, உப்பும் இனிப்பும் சேர வேண்டும் என்பதை ஆண்டாண்டாக நடந்த கால்கள் அவருக்குச் சொல்லியிருந்தன. வாந்திபேதிக்காரர்களுக்கு இன்று ஆஸ்பத்திரியில் கரைத்துக் கொடுக்கிற பொடியும் உப்பையும் சர்க்கரையையும் அளவாகச் சேர்த்ததுதானே.

இரவு நடை சிறுவர்களுக்குத் திருவிழா. எல்லைச் சாவடியில் லாரிகள் மைல் நீளத்துக்கு நிற்கும். ஓட்டுநர்கள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முத்திரைக்காகக் காத்திருப்பார்கள். அவர்களுக்காக இரவு முழுக்க அடுப்பு எரியும். நடுச்சாமத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தூக்கி ஆற்றிய சாயாவும் பொறையும் எங்களுக்குக் கிடைத்தது அந்த லாரிகளின் புண்ணியம். 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. வணிகவரிச் சாவடிகளுக்கு வேலை போயிற்று. லாரிகள் நிற்காமல் போயின. அடுப்புகளும் ஒவ்வொன்றாக அவிந்தன. வரியை மாற்றியவர்கள், நள்ளிரவில் வெறுங்காலோடு நடக்கிறவனின் சாயாவை நினைத்துப் பார்த்திருக்க வழியில்லை. அவரவர் தேவைக்கு அவரவர் நின்ற இடத்தில் பிறந்த கடைகள் அவை. நிற்பவர்கள் போனதும் கடையும் போனது.

பழனிக்கு இன்னொரு பாதையும் எனக்குத் தெரியும். அத்தையைக் கட்டிக்கொடுத்தது இடுக்கி மாவட்டத்து மறையூரில். அஞ்சுநாடு என்று சொல்லும் அந்த மலைக்கிராமங்களிலும் தமிழ்தான். அங்கிருந்து சின்னாறு வழியாக உடுமலைக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இறக்கம். உடுமலையில் அது எங்கள் பொள்ளாச்சிச் சாலையோடு சேர்ந்துகொள்ளும். மாமாவுடனும் மூணாறு எஸ்டேட் லயங்களிலிருந்து வந்தவர்களுடனும் அந்த வழியிலும் நடந்திருக்கிறேன்.

இரண்டு பாதைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பாலக்காட்டுச் சாலையில் நடைக்கு நடை கடை; இங்கே காடு. 1984இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சின்னாறு, மேற்குமலையின் மழைமறைவில் கிடக்கும் முள்காடு. பக்கத்து மூணாற்றில் மழை கொட்டும்போதும் இங்கே கள்ளியும் கருவேலுமாகக் காய்ந்து கிடக்கும். யானை நடமாடும் இடம் என்பதால் பகல் வெளிச்சத்தில், கூட்டமாக, பேசிக்கொண்டே நடக்க வேண்டும். உட்கார்ந்து தின்னக் கூடாது. மறையூரில் கடைசிக் கடையில் வாங்குவதுதான் காடு முழுமைக்கும் சாப்பாடு.

அந்தக் கடைசிக் கடையில் எல்லோரும் தவறாமல் வாங்குவது மறையூர்ச் சர்க்கரை. சுற்றிலும் கரும்புத் தோட்டங்கள். சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி, இளஞ்சூட்டில் கையாலேயே உருட்டுவார்கள். அடர்ந்த பழுப்பு உருண்டையின் மேல் விரல் பதிந்த பள்ளம் அப்படியே இருக்கும். மாமா அதை வேட்டி முனையில் முடிந்துகொள்வார். வழியில் நின்ற இடத்தில் ஒரு கல்லால் தட்டி, சில்லுச் சில்லாக ஆளுக்கு ஒன்று தருவார். கூடவே ஒரு கைப்பிடி பொரி. சில்லைக் கடிக்கக் கூடாது, கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். முதலில் இனிப்பு, அப்புறம் லேசான கரிப்பு, கடைசியில் நாக்கில் தங்கும் ஒரு புகை வாசம். அது கரைந்து தீர்வதற்குள் இரண்டு வளைவு இறங்கியிருப்போம்.

சின்னாறு சாவடியும் அதற்கப்பால் ஒன்பதாறு சாவடியும் கடந்து சமவெளிக்கு வந்ததும் முதல் கடை. அங்கே கிடைப்பது பழைய வர்க்கியும் ஆறிப்போன டீயுமாகத்தான் இருக்கும். ஆனாலும் காட்டைக் கடந்து வந்தவனுக்கு அதற்கு மேல் ஒரு விருந்து கிடையாது. மலையிறங்கி வருகிறவர்களை அந்தக் கடைக்காரர் முதலில் கேட்பது, “யானை எங்க நின்னுது?” என்பதுதான். நாங்கள் சொன்னதை, மேலே போகிற அடுத்த ஆளுக்குச் சொல்வார். எந்த ஊர்க் கூட்டம் முன்னால் போயிற்று, எந்த மண்டபத்தில் படுக்க இடம் உண்டு, யார் கால் கொப்பளித்துப் பின்தங்கினார் என்பதெல்லாம் அந்தப் பெஞ்சில்தான் தெரியும். விலை வடைக்கும் டீக்கும் மட்டுந்தான். சேதிக்குக் காசு கிடையாது.

பழனியில் கடைசியாகக் கையில் வாங்கும் பஞ்சாமிர்தத்தை இப்போது நினைத்தால் ஒன்று புரிகிறது. மலைவாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய். ஒரு சொட்டுத் தண்ணீர் சேராது, அதனால் நாள்கணக்கில் கெடாது. வழியெல்லாம் நாங்கள் தின்ற பழமும் சர்க்கரையுந்தான் இங்கே ஆண்டவனுக்கும். அதில் மணக்கும் ஏலக்காய் விளைவதும் இடுக்கி மலைகளில்தான். மறையூர்ச் சர்க்கரைக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது ஒரே வருடத்தில், 2019இல். என் மறையூர்ப் பாதையின் தொடக்கமும் முடிவும் சேர்ந்து மரியாதை பெற்றதாக அன்று மகிழ்ந்தேன். இரண்டுக்கும் நடுவில் இருந்த சாயாக்கடைகளுக்கு எந்தக் குறியீடும் தேவையில்லை. அவை இருந்தாலே போதும்.

நடைக்கும் கடைக்கும் உள்ள இந்த உறவு நம்மூருக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றிவரும் யாத்திரைப் பாதை ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். வெள்ளைச் சட்டையும் கூம்புத் தொப்பியும் கைத்தடியுமாக இன்றும் அதை நடந்தே முடிக்கிறவர்கள் உண்டு. அவர்களில் பலருக்கு மதியச் சாப்பாடு, சாலையோரத்தில் இரவு பகல் திறந்திருக்கும் கடையில் வாங்கும் சோற்று உருண்டை. உப்பிட்ட சோறு, உள்ளே உப்பில் ஊறிய புளிப்புப் பழம், மேலே கடற்பாசித் தாள். ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடி தின்னலாம். அப்புச்சி பார்த்திருந்தால் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று தலையாட்டியிருப்பார்.

நான் இப்போது திருப்பூரில் இருக்கிறேன். தெருமுனையில் குளிரூட்டிய கடை, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நூறு வகைப் பொட்டலம். வேண்டியதை எடுத்துக்கொண்டு வாய் திறக்காமல் வெளியே வந்துவிடலாம். பசிக்குமுன் தின்று பழகிவிட்டது. தைப்பூசத்துக்குக் காரில் போய்வருகிறோம். பொள்ளாச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் சாலை நான்குவழியாக அகன்று ஊர்களை ஒதுங்கிப் போகிறது; சாலையை அகலப்படுத்திய இடங்களில் புளியமரங்களோடு அவற்றின் நிழலில் இருந்த கடைகளும் போய்விட்டன. பாதயாத்திரை நின்றுபோகவில்லை. வழிநெடுக அன்னதானப் பந்தல்கள் இருக்கின்றன, நல்ல மனிதர்கள் சோறும் தண்ணீரும் தருகிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் பந்தல் திருவிழாவோடு பிரிந்துவிடும். ஆடி மாதத்தில் தனியாக நடந்து வரும் கூலிக்காரனுக்கும், வேண்டுதலுக்கு நாள் பார்க்காமல் புறப்பட்ட கிழவிக்கும் வருடம் முழுக்கத் திறந்திருந்தது அந்தச் சின்னக் கடைதான்.

பத்திரிகைத் தாளின் இடத்தைப் பளபளக்கும் உறை பிடித்துக்கொண்டது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதலும் கேரளம் 2020 ஜனவரி 1 முதலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை விதித்தன. ஆனாலும் சின்னாறு வளைவுகளில் சிப்ஸ் உறைகள் கிடக்கின்றன. உப்பு வாசத்துக்கு வரும் விலங்கு அதை உறையோடு தின்றுவிடும். வாழைப்பழத்தோலை எறிந்தால் அதைக் குரங்கு தின்னும், மிச்சத்தை மண் தின்னும். எங்கள் காலத்துத் தீனி காட்டுக்குக் கடன் வைக்கவில்லை.

நெடுஞ்சாலை போடுகிறவர்கள் லாரி நிற்கவும் கார் நிற்கவும் இடம் ஒதுக்குகிறார்கள். லட்சக்கணக்கான கால்கள் போகும் பழனிச் சாலையில், நடக்கிறவன் நிற்கவும் ஒரு நடைக்கு ஓரிடம் ஒதுக்கட்டும்: மூன்று மரம், ஒரு பெஞ்சு, உள்ளூர்க்காரர் ஒருவர் வடை போட்டு விற்க நாலு முழ இடம். இது பெரிய செலவில்லை. நான் ஏங்குவது வடைக்காக மட்டுமல்ல. முகம் தெரியாத ஒருவன் களைத்து வருவான், அவனுக்கு இந்நேரம் பசிக்கும் என்று ஊருக்கு ஊர் யாரோ ஒருவர் கணக்குப் போட்டு அடுப்பு மூட்டியிருந்தார்களே, அதற்காக. கார் ஏறிய நாளில் நாங்கள் விட்டுவந்தது அந்த அடுப்புகளைத்தான். அவை மறுபடி மூட்டப்பட வேண்டுமென்றால் நாம் மறுபடி நடக்க வேண்டும். நடக்கிற கால் இருந்தால் கடை தானாக வரும்.